மகளைக் கேமரா படிக்க அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். சினிமாவில் கேமரா வேலைதான் செய்வேன் என்று ஒரே பிடிவாதம். பெண் பிள்ளைக்கு இது சரிப்பட்டு வருமா? முதலில் ஒரு டிகிரி முடிக்கட்டுமா?
– ஒரு தாய், காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்

பதில்: பெண் என்பதற்காகத் தயங்காதீர்கள் அம்மா. ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்த பி.ஆர்.விஜயலட்சுமி, 1985-லேயே 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்துவிட்டார். அதுவும் பிலிம் காலம். எடுத்தது தேறியதா என்பது லேபில் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஆக, டிகிரியும் வந்துவிடும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் கேட்பார்கள். இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டால் தருமபுரியிலேயே ஒரு டிகிரி முடிக்கட்டும், வீணாகாது. பாலுமகேந்திராவும் சந்தோஷ் சிவனும் படித்த புனே திரைப்படக் கல்லூரிக்கு டிகிரி வேண்டும்.

கேமரா எதுவும் இப்போது வாங்கித் தராதீர்கள். ஒகேனக்கல் உங்கள் மாவட்டம்தானே, ஒரு நாள் உச்சி வெயிலில் கூட்டிப் போங்கள். கரையில் பரிசலோடு நிற்பவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, பின்னால் அருவி தெரிய, போனிலேயே அவர் முகத்தை எடுக்கட்டும். வெள்ளை நுரைக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்தால் முகம் கறுத்துவிடும். முகத்துக்கு வைத்தால் நுரை வெளிறிப்போகும். அப்புறம் நீங்கள் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை வெயிலில் காட்டி, அந்த வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்புங்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல் இளகும், நுரையும் ஓரளவு தப்பும். சாயங்காலம் அதே இடத்தில் இன்னொரு தடவை. வெயில் சாயச் சாய முகம் எப்படி மாறுகிறது என்று அவளே நின்று பார்த்தால், தைரியமாக அனுப்பலாம். லென்ஸ் விலையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குக் கவலை பணத்தில்தான். படித்து முடித்த கையோடு யாரும் படம் தந்துவிட மாட்டார்கள். சில வருடம் உதவியாளராக ஓட வேண்டும். படப்பிடிப்பு நின்றால் வருமானமும் நிற்கும். ஒளிப்பதிவாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆவதற்கும் செலவு உண்டு. சென்னை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் எவ்வளவு அனுப்ப முடியும், எத்தனை வருடம் என்று அவளை உட்கார வைத்து இப்போதே கணக்குப் பேசிவிடுங்கள். வெளியூர் படப்பிடிப்பென்றால், தங்கத் தனி அறையும் ராத்திரி திரும்ப வண்டியும் உண்டா என்று வேலையில் சேரும்போதே கேட்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.