யோபு எப்போது பொறுமையாக இருந்தார்?

கேள்வி: கணவர் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம். மகனுக்கு வேலை போய்விட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'யோபுவைப் போலப் பொறுமையாயிரு' என்கிறார்கள். விசுவாசத்தை விடாமலிருக்க என்ன வழி?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பைபிளின் யோபு புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரத்தோடு தூங்கிவிட்டவர்கள். மொத்தம் 42 இருக்கிறது. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் போய், பத்துப் பிள்ளைகளும் செத்து, ஓட்டாஞ்சில்லால் உடம்பைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கும்வரை மனிதர் பொறுமைதான். மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்து தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அப்புறம் லேசில் நிறுத்தவில்லை. எச்சில் விழுங்குகிற நேரமாவது என்னை விடக்கூடாதா என்று கடவுளிடமே சண்டை.

ஆறுதல் சொல்ல எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக அவர் பக்கத்தில் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே எழுந்து போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். 'கடவுள் அநியாயம் செய்யமாட்டார், நீதான் ஏதாவது பாவம் செய்திருப்பாய்' என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அது போதாதென்று எலிகூ என்று ஓர் இளைஞர். ஆறு அதிகாரம் பேசுகிறார்! பேசினால்தான் தனக்கு ஆறும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நோயாளிக்கு ஆறியதா என்பது வேறு விஷயம். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை, கடவுள் உட்பட. எனக்குக் கட்டுரையாக அனுப்பியிருந்தால் ஒரு பக்கத்துக்குச் சுருக்கியிருப்பேன். 'மீதி ஐந்து பக்கம் எங்கே?' என்று மறுவாரமே கார்டு வந்திருக்கும். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் எலிகூக்களுக்குப் பஞ்சமே இல்லை.

கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது சண்டை போட்டவரிடமா? அவரையும்தான் அதட்டினார். ஆனால் தண்டம் விழுந்தது தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேருக்கு. பலியிட ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடாவோடு யோபுவிடமே போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்வான் என்று அனுப்பிவிட்டார்.

சுகமளிக்கும் கூட்டங்களில் சாட்சி சொல்ல மேடையேறுகிறவர்களைப் பாருங்கள். எல்லோரும் குணமானவர்கள். குணமாகாமலே ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவரிடம் யாராவது மைக்கைக் கொடுத்திருக்கிறார்களா? இதை முன்பு எழுதியதற்கு ஓர் ஊழியர் எனக்காக உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தார். இப்போதும் அதையேதான் எழுதுகிறேன்.

அன்னை தெரசாவும் அப்படிக் குணமாகாமலே கோயிலுக்கு வந்தவர்தான். தனக்குள் ஒரே இருட்டு, கடவுள் தன்னை விரும்பவில்லை போலிருக்கிறது என்று குருமார்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடிதங்களை அழித்துவிடச் சொல்லியும் கேட்டிருந்தார். அழிக்கவில்லை; அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007-இல் புத்தகமாக வந்தன. 'அப்போ அவருக்கே நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டவர்கள் உண்டு. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் ஆக்கியது. அந்த இருட்டோடுதான் கல்கத்தாவில் பல பத்தாண்டுகள் விடியுமுன் எழுந்து ஜெபித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

வார்த்தை வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட கடைசியில் ஒட்டவில்லை. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், அடுத்த முறை பொறுமையைப் பற்றிப் பேச வருகிறவரைக் கணவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்த் தூங்குங்கள், அம்மா.