சுட்ட பித்தளைத் தோட்டா உறைகளை மறுபடி நிரப்பும் முன் எப்படிச் சுத்தம் செய்வது? புளி போட்டுத் தேய்த்தால் போதாதா?

பெர்த்தில் இருக்கும் உங்கள் மச்சான் கிளப்பில் சுட்ட உறைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார், நம் வீட்டுக் குத்துவிளக்கைப் போல அவற்றையும் புளியில் ஊற வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புளி வேலை செய்யும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நான் பட்டர்வொர்த்காரன். பெர்த்தில் சில வருடங்கள் ஃபிட்டர் வேலை பார்த்தபோது முறையாக உரிமம் எடுத்து இலக்குச் சுடப் பழகினேன். உறைகளைச் சுத்தம் செய்து மறுபடி நிரப்புவது அங்கே சாதாரணம். ஊருக்குத் திரும்பியதோடு அதை விட்டாச்சு. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. இங்கே உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. லீவுக்கு வரும்போது ஞாபகத்துக்கென்று காலி உறையைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

புளி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வியாழக்கிழமை சாயங்காலம்தான் விளக்குத் தேய்ப்பார். ஒரு தைப்பூசத்துக்கு முன்னால், அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று விளக்கின் மேல்தட்டைப் புளிக்கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டுவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் நிறமே இல்லை. திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. “பித்தளையைச் செம்பாக்கி வச்சிருக்கியேடா” என்றார் அம்மா. அவர் சொன்னது அப்படியே உண்மை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. தோட்டா உறைக்கான பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து போகும், மேலே செம்பு மட்டும் நிற்கும். விளக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓரளவு பழைய நிறத்துக்குக் கொண்டு வந்தோம். விளக்கு எண்ணெயைத்தான் தாங்க வேண்டும். ஒரு .308 ரக ரைஃபிள் தோட்டா உறை தாங்குவது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அளவிலான அழுத்தம். இளஞ்சிவப்புத் திட்டு விழுந்த உறையை நான் நம்பவே மாட்டேன்.

சரி, நான் செய்த முறை இதுதான். உறையின் அடியில் இருக்கும் சுட்ட பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, முதலில் அச்சு ஊசியால் தள்ளி எடுத்துவிடுவேன். அப்போதுதான் அந்தக் குழியும் சுத்தமாகும், உள்ளே தண்ணீர் தங்காது. சுழலும் டிரம்மில் உறைகளோடு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசித் துண்டுகள், தண்ணீர், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஓட விட்டால் உறைகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு மழுங்கிவிடும். வெளியே எடுத்ததும் ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், கழுத்துக்குள் ஊசி சிக்கியிருக்கும். டிரம் இல்லாதவர்கள் வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினாலே போதும். பளபளப்பு குறைவாக இருக்கும். இருக்கட்டும். மண்ணும் கரியும் போனால் சரி, உறையை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டு வரும் அச்சில் கீறல் விழாது. கண்ணாடி மாதிரி மின்னினால் குறி கூடிவிடாது.

வால்நட் ஓட்டுத் தூளிலோ மக்காச்சோளத் தக்கைத் தூளிலோ போட்டு அதிர வைக்கும் உலர்முறையும் உண்டு. அதில் எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. தூளைச் சலிக்கும்போது பறக்கும் தூசியில் அந்த ஈயமும் வரும். செய்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு செய்யச் சொல்லுங்கள். ஈரமுறையிலும் அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது. சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஊறவைப்பதும் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலே உறைகளில் விரிசல் விட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, உறையைச் செய்யும்போதே உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. 1921-இல்தான் காரணம் தெளிவாகப் பிடிபட்டது. விளக்குக்கும் நான் அந்த பாலிஷை வாங்குவதில்லை.

அப்புறம் காய வைப்பது. நம் பினாங்குக் காற்றில் என்றால் இரண்டு நாளாகும். பெர்த் வெயிலில் துணியில் பரப்பினால் ஒரே பகலில் காய்ந்துவிடும். அவசரப்பட்டு அடுப்பில் காட்ட வேண்டாம். அதிகச் சூடு பட்டால் உறையின் அடிப்பாகம் மிருதுவாகிவிடும், அதோடு அந்த உறை தீர்ந்தது.

சுத்தம் செய்வதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது, அழுக்கு போனதும் குறைகள் கண்ணுக்குத் தெரிவதுதான். கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். அடிக்குச் சற்று மேலே உறையைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறதா? அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக வளைத்து, உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேலாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி கொக்கி மாட்டும். மாட்டினால், எவ்வளவு மின்னினாலும் சரி, குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளைக் குப்பையில் போட்டுவிடச் சொல்லுங்கள்.