பழைய வீட்டை நாங்களே புதுப்பிக்கலாமா? முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் என் மனைவியின் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. சுமார் 90 வயது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் ஓடு. முன்பக்க அறைக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் மாடி. பின்கட்டுச் சமையலறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். 20 ஆண்டுகளுக்கு முன்பு சுவர்களுக்கு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பொரிந்து உதிர்கிறது. உள்ளூர் கொத்தனார், ‘கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசி, நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம்’ என்கிறார். நாங்கள் இருவரும் வேலை பார்ப்பவர்கள். சனி, ஞாயிறு மட்டும் வர முடியும். முடிந்தவரை நாங்களே செய்ய ஆசை, அனுபவம் கிடையாது. எங்கே தொடங்குவது? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்கலாமா? தரைக்கு டைல்ஸ் போடலாமா?

பதில்: செய்யலாம். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே வேலை நடக்கும் என்பது பழைய வீட்டைப் பொறுத்தவரை நல்ல வேகம்தான். இந்தச் சுவர்கள் காய்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். தினமும் ஆள் வைத்து வேலை செய்பவர்களால் அத்தனை நாள் காத்திருக்க முடிவதில்லை.

டைல்ஸ் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தக் காலச் சுவரில் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. டெல்டா மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. செங்கல் அந்த ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் சுவரின் முகம் வழியாகவே ஆவியாகிப் போனது. சிமென்ட் பூச்சும் அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டும் வந்ததும் வெளியேறும் வழி அடைபட்டது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, உப்பிப் பெருத்து, பூச்சைத் தள்ளி உடைக்கிறது. நீங்கள் பார்க்கும் உவர் அதுதான். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஈரம் ஐந்தாவது அடியில் வெளியே வரும். கொத்தனார் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே முதல் வேலைக்குக் கரண்டியும் வேண்டாம், கலவையும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டின் வரைபடத்தைக் கையால் வரைந்து, ஈரம் எங்கெங்கே, எவ்வளவு உயரம் என்று குறியுங்கள். அடிச்சுவர் நெடுக ஒரே உயரத்தில் பட்டையாக இருந்தால் தரையிலிருந்து ஏறும் ஓதம். மழைக்குப் பிறகு மட்டும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கூரையிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ வருவது. ஒரே இடத்தில் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் அருகில் குழாயோ சாக்கடையோ கசிகிறது. சந்தேகமான இடத்தில் ஒரு சாண் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

முற்றத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு சரிவுக் கூரையின் மழையும் அங்கேதான் விழுகிறது. அந்த நீர் பெரும்பாலும் கூடம், ரேழி ஆகியவற்றின் தரைக்கு அடியில் ஓடும் ஒரு சாக்கடை வழியாகத் தெருவுக்குப் போகும். 90 வருடத்தில் அது எங்கோ உடைந்திருக்கும், அல்லது பாதி அடைத்திருக்கும். உள்ளே போகும் நீர் வெளியே வராமல் அஸ்திவாரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். நாலைந்து குடம் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். ஒருவர் முற்றத்தில், இன்னொருவர் தெருவில் அந்தச் சாக்கடை வெளிவரும் இடத்தில். வெளியே வர நேரமானாலோ, ஊற்றியதைவிடக் கண்ணுக்குத் தெரியக் குறைவாக வந்தாலோ நோயின் மூலம் பிடிபட்டது. பழைய பாதையைக் கைவிட்டு, தரையைத் தோண்டி ஒரு பி.வி.சி. குழாயைச் சரியான வாட்டத்தோடு பதிப்பதுதான் இந்த வீட்டில் நீங்கள் செலவழிக்கப்போகும் மிக உருப்படியான பணம்.

அடுத்தது தெரு. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் உயர்ந்து, இரண்டு படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது இறங்கிப் போக வேண்டிய நிலை பல ஊர்களில். சாலையை நீங்கள் தாழ்த்த முடியாது. ஆனால் வீட்டின் பக்கவாட்டிலும் கொல்லையிலும் சுவரை ஒட்டிச் சேர்ந்த மண்ணை வெட்டி, வெளித்தரை மட்டத்தை உள்தரையைவிட முக்கால் அடியாவது கீழே கொண்டுவரலாம். ஒரேயடியாகத் தோண்டாதீர்கள், அஸ்திவாரம் தெரியும் அளவுக்குப் போகவே கூடாது. சுவரை ஒட்டி யாராவது சிமென்ட் தளம் போட்டிருந்தால் ஓரடி அகலத்துக்கு அதை உடைத்து ஜல்லி நிரப்புங்கள். துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, கிணற்றடி எல்லாம் சுவரை விட்டுத் தள்ளிப் போகட்டும்.

கூரையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். ஓடு மாற்றுவதற்கு ஆள் வையுங்கள்; புதியவர்கள் ஓட்டின் மேல் ஏறி நடப்பது எலும்பு முறிவில்தான் முடியும். கீழே நின்று பார்க்க வேண்டியதை நீங்கள் பாருங்கள். நடுப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் எந்த ஓடு உடைந்தது என்று வெளிச்சமே காட்டிக் கொடுக்கும். முற்றத்தின் நாலு மூலைகளிலும் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் போட்ட தகரம்தான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். அதன் கீழே ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு நன்றாக இருந்தால் முனை உள்ளே போகாது. சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் நுனிகளையும் இப்படியே சோதியுங்கள். நடுமரம் கல்லாக இருக்கும்போதே நுனி மக்கியிருக்கும். கறையான் மண்கோடு தெரிந்தால் ஓரிடத்தில் உடைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டும். இந்த வேலையெல்லாம் நடக்கும்போது பழைய மரச்சாமான் வியாபாரிகள் வாசலில் வந்து நிற்பார்கள், தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை சொல்வார்கள். மாற்று மரம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

மாடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக வைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்து இறுக்கிய தளம். ஒழுகினால் மேலே ஒரு காங்கிரீட் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த எடை முழுவதையும் தாங்கப்போவது 90 வயதுக் கட்டைகள். சேர்ந்த மண்ணைக் கூட்டி அள்ளி, மழைநீர்க் குழாயின் வாயைத் திறந்து, விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தாலே பெரும்பாலான ஒழுகல் நிற்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் சுவர். பொரிந்த கோட்டுக்கு மேலே ஓரடி வரை சிமென்ட் பூச்சை எடுக்க வேண்டும். இது நீங்கள் இருவரும் செய்யக்கூடிய வேலை: உளி, சிறிய சுத்தியல், மூக்குக்கு என்-95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. மின்சார பிரேக்கர் வேண்டாம், செங்கல் பிளந்துவிடும். செங்கல் இடுக்கில் மாவாக உதிரும் சாந்தை அரை அங்குலம் சுரண்டி எடுங்கள். உவரை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அப்படியே விடுங்கள். ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் வருடம். உறவினர்கள் வந்து ‘என்ன இப்படிக் கொத்திப் போட்டிருக்கிறீர்கள்’ என்பார்கள். காபி கொடுத்து அனுப்புங்கள்.

காய்ந்தபின் பூசுவது சுண்ணாம்புச் சாந்து. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். உவர் மணல் கூடாது. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். சுவரை நனைத்துவிட்டுப் பூசுங்கள், வெயில் நேரடியாகப் படவிடாதீர்கள், சில நாள் தெளித்துத் தெளித்து ஈரம் காப்பாற்றுங்கள். இது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மெல்ல இறுகும் பொருள். சிமென்ட்டின் அவசரத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கடுக்காய், வெல்லம், முட்டை என்று யூடியூபில் வரும் சமையல் குறிப்புகளில் உண்மை இருக்கிறது, முன்னோர் சேர்த்ததுதான். ஆனால் மோசமான மணலையும் அவசரத்தையும் எந்தக் கடுக்காயும் ஈடுசெய்யாது. முதல் முறை அது இல்லாமலே பூசிப் பழகுங்கள்.

சுண்ணாம்பைக் கல்லாக வாங்கி வீட்டில் நீற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். நீற்றிய களியாகவே வாங்குங்கள். அதுவும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து: கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது, பட்டுவிட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடி, ஒரு நாள் கூலி கொடுத்து, கொல்லைப்பக்கச் சுவர் ஒன்றில் உங்கள் இருவருக்கும் கற்றுத்தரச் சொல்லுங்கள். கூடத்துச் சுவரைக் கடைசியாகத் தொடுங்கள். மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வழக்கம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. தேய்ந்துபோகும் அந்த மெல்லிய அடுக்கு சுவரின் உப்பைத் தானே வாங்கிக்கொண்டது.

நடுச்சுவரை எடுப்பது பற்றி: வேண்டாம். இந்த வகை வீட்டில் சுவர்தான் தூண். உத்திரமும் கைமரமும் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பது கீழிருந்து பார்த்தால் எப்போதும் தெரியாது. ஒரு வாசல் அளவு திறப்பு போதுமென்றால் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து, லிண்டல் (திறப்புக்கு மேலே சுமையைத் தாங்கும் விட்டம்) கணக்குப் போட்டுத் தந்தபின் செய்யலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பூசி மறைப்பதற்கு முன் பொறியாளர் வர வேண்டும்.

நீங்கள் தொடவே கூடாதவை இரண்டு. ஒன்று, மின்சாரம். பழைய மரப்பட்டி வயரிங்கில் எர்த் பெரும்பாலும் இருக்காது. உரிமம் உள்ளவரை வைத்து முழுவதையும் மாற்றி, புது எர்த் குழி போட்டு, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். சுவரில் நெடுகக் காடி வெட்ட விடாமல் மேலோட்டமாகவே குழாய் போடச் சொல்லுங்கள். இரண்டு, அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அறுப்பதும் துளையிடுவதும் காய்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பதும் நுரையீரலுக்குள் நாரை அனுப்பும் வேலை. உடையாமல் இருந்தால் இப்போதைக்கு விட்டுவையுங்கள். எடுக்கும்போது நனைத்து, முழு ஷீட்டாக, தெரிந்தவர்கள் இறக்கட்டும். கதவு, ஜன்னலின் பழைய எனாமல் பெயின்ட்டிலும் எச்சரிக்கை தேவை. வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர் உப்புத்தாளால் தேய்க்காமல் நீர்த்தாளால் நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், வீடு யார் யார் பெயரில் இருக்கிறது என்று பத்திரத்தையும் பட்டாவையும் பாருங்கள். தாத்தா சொத்து என்கிறீர்கள். மனைவியின் சித்தப்பா, அத்தை யாருக்காவது பங்கு இருந்தால் அதை எழுத்தில் தீர்த்துக்கொண்டு கரண்டியை எடுங்கள். பணத்தில் நாலில் ஒரு பங்கை எந்த வேலைக்கும் ஒதுக்காமல் வையுங்கள், ஓட்டைப் பிரித்ததும் அது எங்கே போகும் என்று தெரியும். ஓர் அறையையும் கழிப்பறையையும் முதலிலேயே தங்கும்படி ஆக்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு லாட்ஜில் தங்கினால் ஆர்வம் சீக்கிரம் வடிந்துவிடும்.

கடைசியாகத் தரை. காவித் தரையின் (ரெட் ஆக்சைடு தரை) மேல் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால், தரை வழியாக ஆவியான ஈரத்துக்கும் சுவர்தான் வழி. நீங்கள் காய வைத்த சுவர் மறுபடி நனையும். வெடித்த இடத்தை மட்டும் காவி கலந்து பூசும் ஆளைக் கொண்டு சரிசெய்யுங்கள், வெறும் தண்ணீரால் துடையுங்கள், பளபளப்பு வேண்டுமென்றால் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். கறை போக ஆசிட் ஊற்றச் சொல்பவர்களை உள்ளே விடாதீர்கள். ஆசிட் தரையையும் அரிக்கும், ஓரத்துச் சுண்ணாம்பையும் கரைக்கும்.