பூட்டிய பீரோவும் பொதுத் தொண்டும்

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூட நாளிலிருந்து சினிமா பாட்டுப் புத்தகங்கள் சேர்க்கிறேன். மூன்று பீரோ நிறைந்துவிட்டது. வாரா வாரம் முதியோர் இல்லத்துக்குப் போய் வரும் என் மைத்துனர், "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் அத்தான்? சுத்த சுயநலம்" என்கிறார். ஆனால், மனதுக்குப் பிடித்ததை முழு ஈடுபாட்டோடு செய்வதே பெரிய சமூகத் தொண்டு என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். நான் செய்வது தொண்டா, இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று பீரோவையும் உங்களைத் தவிர வேறு யாராவது திறந்திருக்கிறார்களா? உங்கள் கடிதம் நாலு பக்கம். எந்தப் பழைய புத்தகக் கடையில் என்ன பேரம் பேசினீர்கள் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். இன்னாருக்கு எடுத்துக் காட்டினேன், இன்னார் வந்து பார்த்துக் குறிப்பெடுத்தார் என்று ஒரு வரி இல்லை.

ஆகவே, தொண்டு இல்லை. சுயநலம் என்றும் சொல்லமாட்டேன். காசு உங்களுடையது, பீரோ உங்களுடையது, யார் குடியையும் நீங்கள் கெடுக்கவில்லை. இப்போதைக்கு இது பொழுதுபோக்கு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்குத் தொண்டு என்று பட்டுச் சால்வை போர்த்தப் பார்ப்பதுதான் சரியில்லை. சொற்பொழிவாளர் பாதியைச் சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீதிப் பாதிதான் கஷ்டமானது.

உங்கள் கையில் இருப்பது சாதாரணச் சரக்கு இல்லை. 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதி கிடையாது. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' இல்லை. தியாகராஜ பாகவதரைக் கொண்டாட வைத்த 1937ஆம் ஆண்டின் 'சிந்தாமணி'யும் இல்லை. இப்படிப் படமே போன பிறகு நமக்கு மிஞ்சும் சாட்சிகளில் ஒன்று, கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகம்தான். நடிகர் பட்டியல் அதில் இருக்கும். பாட்டெழுதியவர், படக் கம்பெனி, அச்சகம், சோப்பு விளம்பரம் எல்லாம் இருக்கும். கதைச் சுருக்கம் மட்டும் நல்ல கட்டத்தில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடும். இனி எந்த வெள்ளித்திரையில் காண்பது!

பிலிம் நியூஸ் ஆனந்தனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவரும் ஆசையில் தொடங்கியவர்தான். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்தவர். தமிழ் சினிமாவில் அந்த வேலைக்கே அவர்தான் முன்னோடி. படங்களைப் பற்றிய தகவல்களையும் புகைப்படங்களையும் அவர் சேர்த்தது பெரிதுதான். ஆனால் வந்த படங்களை ஒன்றுவிடாமல் வருடவாரியாக எழுதி வைத்தாரே, அது இன்னும் பெரிது. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் எடுத்துச் சொன்னார். பிறகு அரசே அவர் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. தொகுத்தது புத்தகமாகவும் வந்தது. 2016இல் அவர் மறைந்தார். இன்றும் தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அவர் பட்டியலைத் தாண்டிப் போக முடியாது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதை எல்லாம் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கவிட்டார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. கப்பல் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிலைபெற்றது. அவர் வாசலைத் திறந்து வைத்திருந்ததால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் பழைய பேப்பர்காரர் தராசோடு வந்திருப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது சுவாரசியமில்லாத வேலை. நீளமான நோட்டு ஒன்று வாங்குங்கள். படத்தின் பெயர், வருடம், கம்பெனி, பாடலாசிரியர், அச்சகம், விலை, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பது உட்பட எழுதுங்கள். துருப்பிடித்த பின்னைப் பக்குவமாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறகு பட்டியலின் நகலை ஓர் ஆய்வு நூலகத்துக்கும், பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த் துறைக்கும் அனுப்புங்கள். உங்களுக்குப் பின் பீரோ யாருக்கு என்பதையும் பிள்ளைகளிடம் இப்போதே எழுத்தில் கொடுங்கள். பத்து நாளில் அலுத்துப்போகும். அலுத்த பிறகும் பதினோராம் நாள் உட்கார்ந்தால், அன்றைக்கு மைத்துனரிடம் தாராளமாகத் தொண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். (அவரையும் குறைத்துப் பேசாதீர்கள். வாரா வாரம் போகிறவர். நீங்களும் நானும் போகவில்லை.)

பட்டியலில் 1940க்கு முந்தியவற்றை மட்டும் முதலில் எழுதி எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஆவல் தாங்கவில்லை.