தண்ணீர்மலைப் படிகளும் இறுகிப்போன ரவிக்கைக் கையும்

கேள்வி: எனக்கு வயது 48. பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பது வழக்கம். இவ்வாண்டு பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். இறங்கும்போது முட்டி வலித்தது. தீபாவளிக்குத் தைத்த ரவிக்கையின் கை இப்போது ஏற மறுக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேரங்காடியில் உள்ள ஜிம் ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தம் போட்டுப் பதினொரு முறைதான் போனேன். இனி மாதம் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவழிக்க முடியாது. கையும் வயிறும் இறுகி உடம்பு கட்டாக என்ன செய்யலாம்? "வீட்டு வேலை செய்கிறாயே, அது போதாதா?" என்கிறார் கணவர்.
– ஜெலுத்தோங் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, பதினொரு முறை போனதற்காக வெட்கப்படாதீர்கள். ஒப்பந்தம் போட்டவர்களில் பலர் அவ்வளவுகூடப் போவதில்லை. நீங்கள் கேட்டிருப்பதற்கு 50 வெள்ளி தேவைப்படாது; பெரும்பகுதியை உங்கள் சமையலறையிலேயே, ஒரு காசு செலவில்லாமல் செய்துகொள்ளலாம். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பதில்தான் நம்மில் பெரும்பாலோர் தவறுகிறோம்.

மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, ரவிக்கைக் கை ஏறாதது ஆகிய மூன்றையும் நீங்கள் தனித்தனிக் குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை பெருமளவு ஒன்றாகவே தெரிகின்றன. முப்பது வயதைக் கடந்த பிறகு, நாம் எதுவும் செய்யாமல் இருந்தால், பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைந்துகொண்டே போகிறது. அதோடு, மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. எலும்பின் அடர்த்தியும் சேர்ந்தே குறைகிறது. உடம்பு 'கட்டாக' இருக்கிறது என்று நாம் சொல்வது, தோலுக்கு அடியில் போதிய தசையும் அதன்மேல் அளவான கொழுப்பும் இருக்கும் நிலையைத்தான். வயிற்றுக்கென்று நூறு முறை குனிந்து நிமிர்ந்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியே கரையாது, ஏனெனில் எந்த இடத்திலிருந்து கொழுப்பை எடுப்பது என்பதை உடம்பே தீர்மானித்துக்கொள்கிறது.

கணவரின் கேள்வி நியாயமானதுதான். துணி துவைப்பதும் வீடு கூட்டுவதும் உட்கார்ந்திருப்பதைவிட நிச்சயமாக மேல். ஆயினும் இருபது ஆண்டுகளாக அதே வாளியைத்தான் தூக்குகிறீர்கள், அதே துடைப்பத்தைத்தான் பிடிக்கிறீர்கள். அந்த அளவுக்கு உங்கள் தசை என்றோ பழகிவிட்டது. பழகிய சுமையால் தசை வளர்வதில்லை, சுமை சற்றே கூடிக்கொண்டே போனால்தான் வளரும். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவரும் உங்களோடு சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

எனக்கு ஐம்பது வயது நடந்தபோது, கோயில் அன்னதானத்தில் தரையில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு எழ முயன்றேன். ஒரு கையில் மடித்த இலை இருந்தது. மறு கையால் பக்கத்துத் தூணைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. பின்னால் நின்ற சிறு பையன் ஒருவன், "பாட்டி, கை கொடுக்கட்டுமா?" என்றான். அதுவரை நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடந்துகொண்டிருந்தவள் நான். நடப்பதே போதும் என்று நினைத்திருந்தேன். நடை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது என்றாலும், அது மட்டும் தொடைக்கும் கைக்கும் வலுவைத் தந்துவிடாது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவோடு, வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. நாம் முதல் பாதியைக் கேட்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

ஆகவே அந்த இரண்டு நாளிலிருந்தே தொடங்குங்கள். செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் போதும். கல்யாணப் பந்தலில் போடுவார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கக்கூடும் என்பதால் அதன் முதுகைச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு, விளிம்பில் அமருங்கள். பாதங்கள் இடுப்பளவு விலகி, முழுவதும் தரையில் பதிந்திருக்கட்டும். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, சற்றே முன்னால் சாய்ந்து, குதிகாலால் தரையை அழுத்தி எழுந்து நில்லுங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணியபடி மெல்ல இறங்கி உட்காருங்கள். தொப்பென்று விழாமல் இறங்குவதில்தான் பயனில் பாதி இருக்கிறது, தண்ணீர்மலையில் இறங்கும்போது உங்கள் முட்டியைத் தாங்க வேண்டியதும் இதே தசைதான். எட்டு முறை செய்துவிட்டு ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி எட்டு முறை செய்யுங்கள். எழும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் வெளிப்பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள்.

கைக்கு, சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்று, உடம்பைப் பலகைபோல் நேராக வைத்து, மார்பு மேடையை நெருங்கும்வரை சாய்ந்து, தள்ளி நிமிருங்கள். முழங்கைகளை விலாவை ஒட்டி வைத்துக்கொண்டால் மேற்கையின் பின்புறம் வேலை செய்யும். உங்கள் ரவிக்கையை மறிக்கும் சதை இருக்கும் இடமே அது. முதுகுக்கு, 5 கிலோ அரிசிப் பையை ஒரு துணிப்பையில் போட்டு, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புவரை இழுத்து இறக்குங்கள். 5 கிலோ கனமாகத் தெரிந்தால், 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைப் பையில் போடுங்கள், 3 கிலோ ஆகிவிடும். கடைசியாக, பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இரண்டு நொடி நிறுத்தி இறக்குங்கள். இந்த நான்கும் போதும். நாற்பது விதமான பயிற்சிகளைக் காட்டும் காணொளிகளை உங்களுக்குப் பலர் அனுப்புவார்கள், பார்த்து ரசித்துவிட்டு இந்த நான்கையே செய்யுங்கள்.

எட்டில் தொடங்கிப் பன்னிரண்டு முறைவரை கூட்டுங்கள். கடைசி இரண்டு முறை கடினமாகத் தெரிய வேண்டும். பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் அதே அளவில் நின்றுவிடாமல், நாற்காலியில் அமரும்போது அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், மேடைக்குப் பதிலாக அதைவிடத் தாழ்வான உறுதியான பலகையைப் பிடித்துச் சாயுங்கள். பெண்கள் சுமை தூக்கினால் ஆண்பிள்ளைபோல் உடம்பு முறுக்கேறிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஆவதற்கு ஆண்டுக்கணக்கில் கடும் பயிற்சியும் தனி உணவு முறையும் வேண்டும், அரிசிப் பையால் அது நடக்காது.

முதல் வாரத்தில் தொடை வலிக்கும். மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் கூடுதலாகவே வலித்துப் பிறகு தானே அடங்கும் இந்த வலிக்கு அஞ்ச வேண்டாம். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, மூட்டு வீங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நடையைப் பொறுத்தவரை, பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இடத்துக்கு வந்துவிடுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வேகத்துக்கு அதுவே அளவு. நம் ஊரில் காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது என்பதால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலையே தோது. உங்கள் வட்டாரத்திலேயே கர்ப்பால் சிங் டிரைவ் கடலோர நடைபாதை இருக்கிறது. காற்றும் வரும், ஆள் நடமாட்டமும் உண்டு. வார இறுதியில் 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்குகள் அதில் நாசி லெமாக் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். மழை நாளிலும், புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாளிலும் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

தண்ணீர்மலையின் 513 படிகளை முதல் இரண்டு மாதத்துக்குத் தொடாதீர்கள். மூன்றாம் மாதம், வெயில் ஏறுமுன் போய், நூறு படி ஏறி இறங்குங்கள். அடுத்த வாரம் நூற்றைம்பது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். எனவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்குங்கள். பால்குடம் எடுக்கும் நாளில் கூட்டத்தோடு கூட்டமாக, வெறுங்காலோடு, வெறும் வயிற்றோடு ஏறுவது தனி அனுபவம்; அதற்கான வலுவை முந்தைய பதினொரு மாதங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பணம். சிலிப்பரோடு நடக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத் தொகையைச் சேர்த்து, குதிகாலைப் பிடித்து நிற்கும் நல்ல நடைக்காலணி ஒன்று வாங்குங்கள். அதன் பிறகு, இழுத்துப் பயிற்சி செய்வதற்கான ரப்பர் பட்டை (இழுவிசைப் பட்டை) ஒன்று வாங்கினால் போதும், பாய் உங்கள் வீட்டிலேயே இருக்கும். வருமான வரி கட்டுபவராக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுக் கருவிகளுக்கும் ஜிம் சந்தாவுக்குமான தனி வரிக் கழிவு 1,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காலணி மட்டும் அதில் சேராது. நமக்கு மிகவும் தேவைப்படுவதை விட்டுவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்தான்.

உணவில் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். தசை வளரப் புரதம் வேண்டும்; நாம் காலையில் பசியாறும் இட்லியிலும் ரொட்டி சானாயிலும் அது குறைவு. ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது, அதைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நடக்க வேண்டியிருக்கும். அதை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் முட்டை, பருப்பு, மீன், தௌஹு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று வேளையிலும் தட்டில் இருக்கும்படி பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. சைவமாக இருக்கும் நாளில் தெம்பேயைப் போல மலிவான, நிறைவான பொருள் நம் சந்தையில் வேறில்லை. மாமாக் கடையில் தே தாரிக்குக்குப் பதிலாக, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் என்று சொல்லப் பழகுங்கள்; இரண்டு வாரம் கசக்கும்.

தொடங்குமுன் ஒரு பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். பாதிப் படியில் மூச்சு வாங்கியதற்குப் பழக்கமின்மை காரணமாக இருக்கலாம். இரத்தச் சோகையோ, இரத்த அழுத்தமோ, இதயமோ காரணமாகவும் இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்துவிடலாம். உங்கள் குடும்பம் குறைந்த வருமானத்தினருக்கான அரசாங்க எஸ்டிஆர் உதவித்தொகை பெறுவதாக இருந்தால், 40 வயதைக் கடந்தவர் என்ற முறையில் பெகா பி40 சுகாதாரத் திட்டத்தின் கீழ் இலவசப் பரிசோதனைக்கும் தகுதி உண்டு. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பையில் இனிப்பு ஒன்று வைத்திருங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் ஒன்றரை மாதத்தில் வலு கூடும், கண்ணாடியில் பெரிதாக எதுவும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எடைக் கருவியின் முள் அசையாமலே இருக்கலாம், ஏனென்றால் கொழுப்பு இறங்கித் தசை ஏறுகிறது. அதை நம்பாமல், தையல் நாடாவால் தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பை அளந்து பாருங்கள். நம் இனப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பிறகு அதே பிளாஸ்டிக் நாற்காலியில் கை கட்டி அமர்ந்து, முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று கணவரை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் சமையலறை நாள்காட்டியில் இன்றைய தேதிக்குக் கீழே எழுதிவைத்து, பன்னிரண்டாம் வாரம் மறுபடி அளந்து எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்த ரவிக்கையைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிரிக்க வேண்டாம்.