அவங்ககூட எதுக்குப் பேசணும்?

தோழர், வணக்கம். ஒரு சர்ச் ஹால்ல பாதிரியார், இமாம், நீங்க மூணு பேரும் ஒரே மேடையில பேசின வீடியோ பார்த்தேன், வருத்தமா இருந்துச்சு. மூளையை அடகு வெச்சவங்ககூட ஒரு நாத்திகர் எதுக்கு உரையாடணும்? நாம எறங்கிப் போனா அவங்களுக்குத்தானே அங்கீகாரம்? இன்னொண்ணு, ஆடிக்கு குலதெய்வக் கோயிலுக்கு வரச்சொல்லி அம்மா அழுறாங்க. எனக்கு இஷ்டமில்ல, என்ன சொல்லலாம்? நாத்திக எழுத்தாளர் டாக்கின்ஸ் பத்தியும் உங்க கருத்தைச் சொல்லுங்க.
க.

அன்புள்ள தம்பி,

டாக்கின்ஸை இன்னொரு நாள் பார்த்துக்கலாம். அங்கீகார விஷயமும் எனக்குப் பெருசா படல, அவங்க யாரும் நம்ம அங்கீகாரத்துக்குக் காத்துக்கிட்டு இல்ல. ஆனா "மூளையை அடகு வெச்சவங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் வந்த கோவம் இன்னும் போகல. ரெண்டு வரி தள்ளி உங்க அம்மா வர்றாங்க. அவங்களையும் சேர்த்துத்தானே சொல்றீங்க? எழுதுறப்ப கை கூசலையா?

கொஞ்ச நாளா கோராங்கிற நாத்திகர் பத்தியே யோசிச்சுக்கிட்டிருந்தேன், அதனாலதான் இந்தக் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்தேன். முழுப் பேர் கோபராஜு ராமச்சந்திர ராவ், 1902-ல பிறந்த தெலுங்குக்காரர், தாவரவியல் வாத்தியார், நம்ம மதுரை அமெரிக்கன் கல்லூரியிலகூட கொஞ்ச காலம் பாடம் நடத்தியிருக்கார். நாத்திகம் பேசினதால காக்கிநாடாவுல வேலை போச்சு. 1940-ல முதுனூர்ங்கிற கிராமத்துல நாத்திக மையம் ஆரம்பிச்சார், அப்புறம் அது விஜயவாடாவுக்கு மாறுச்சு. பெரியாரும் சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளாரும் பழகின கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், கோராவை நம்ம பசங்க யாருக்கும் தெரியல.

1941-ல காந்தியைப் பார்க்க நேரம் கேட்டு எழுதினார். நாத்திகம்ங்கிறது தன்னையே மறுக்கிறது, பேச நேரமில்லன்னு பதில் வந்துச்சு. நீங்களா இருந்தா அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு நாலு பேரை டேக் பண்ணியிருப்பீங்க. கோரா கிராமத்துல தன் வேலையைப் பார்த்தார், சேரி ஜனங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார், எல்லா சாதிக்காரங்களையும் ஒரே பந்தியில உட்கார வெச்சார். அந்த வேலையைப் பத்தி காதுக்கு வந்த பிறகுதான் 1944 கடைசியில காந்தி அவரை தன்னோட சேவாகிராம ஆசிரமத்துக்கு வரச்சொன்னார்.

அங்க போயி கடவுள் இருந்தா நிரூபிங்கன்னு கோரா கேட்கல. கல்கத்தாவுல 1943 பஞ்சத்தைச் சொன்னார். பலகாரக் கடைக்கு உள்ள தின்பண்டம், வாசல்ல பட்டினியில செத்தவன். ஏன் அவன் உள்ள பூந்து எடுத்துத் திங்கல, தலைவிதின்னு நம்பினான், அந்த நம்பிக்கை உடையணும்னுதான் நான் நாத்திகம் பேசுறேன்னார். காந்தி கடவுளை விட்டுடல. ஆனா என் ஆத்திகம்தான் சரின்னும் சொல்லமாட்டேன், உங்க நாத்திகம் தப்புன்னும் சொல்லமாட்டேன், உங்க வழி எனக்கு எதிரா இருந்தாலும் உதவுறேன்கிற அளவுக்கு வந்தார்.

கோராவோட மகள் மனோரமாவுக்கும் அர்ஜுன ராவ்ங்கிற தலித் இளைஞருக்கும் சேவாகிராமத்துலயே கல்யாணம் நடத்தித் தர்றேன்னு காந்தி ஒத்துக்கிட்டார், கடவுள் பேர் வர்ற இடத்துல சத்தியம்னு வெச்சுக்கவும் சம்மதிச்சார். 1948 ஜனவரியில காந்தியைக் கொன்னுட்டாங்க. மார்ச்சுல அதே ஆசிரமத்துல அந்தக் கல்யாணம் நடந்துச்சு. இந்தப் பேச்சையெல்லாம் கோரா எழுதி வெச்சதை 1951-ல புத்தகமா போட்டது காந்தி ஆரம்பிச்ச நவஜீவன் பதிப்பகம்.

இப்ப சொல்லுங்க, இதுல யார் எறங்கிப் போனது? கோரா கடைசிவரைக்கும் நாத்திகர்தான். எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிட்டு டீ குடிச்சு சால்வை போட்டுக்கிற மேடை எனக்கும் பிடிக்காது, அதுல யாரும் யார்கிட்டயும் எதையும் கேட்கிறதே இல்ல. நான் கேட்கிறது வேற. சேர்ந்து ஒரு வேலை செய்யுங்க, செய்யறப்ப சண்டை போடுங்க, அந்தச் சண்டையில நிஜம் இருக்கும்.

எங்கப்பா கருப்புச்சட்டைக்காரர். பக்கத்து வீட்டு பாய் அஞ்சு வேளை தொழுகிறவர். தெருவுக்கு வெள்ள நிவாரண அரிசி வந்தப்ப ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கிட்டே நரகம் இருக்கா இல்லையான்னு தொண்டை கிழியக் கத்தினாங்க, பொட்டலம் மட்டும் எண்ணிக்கை தப்பாம வெளிய போச்சு. அப்பா கடைசியில ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பாய்தான் ராத்திரி முழிச்சிருந்தார், மாத்திரை அட்டையைக் கிழிச்சு உள்ளங்கையில வெச்சுக் கொடுத்தார். உனக்காக துஆ செய்யட்டுமான்னு கேட்டார். கேட்டார் தம்பி, அனுமதி கேட்டார். அப்பா, எனக்கு நம்பிக்கையில்லப்பா, உனக்கு நிம்மதின்னா செய்யின்னார். தலையில கைக்குட்டையைப் போட்டுக்கிட்டு பாய் உதடசைக்க, அப்பா கண்ணை மூடாம அவரையே பார்த்துக்கிட்டிருந்தார். ரெண்டு பேர்ல யாருக்கு மூளை அடகுல இருந்துச்சு?

அம்மாகூட கோயிலுக்குப் போங்க. பொங்கப்பானை தூக்கவும் விறகு சுமக்கவும் ஆள் வேணும், அதைச் செய்யுங்க. கும்பிடச் சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லம்மான்னு நேரா சொல்லுங்க, அவங்களுக்காகப் பொய்யா கையெடுக்காதீங்க, அது அவங்களை ஏமாத்துறது. ஆனா ஏன் அழுதாங்கன்னு இதுவரைக்கும் ஒரு தடவையாவது கேட்டீங்களா? கடிதத்துல அது இல்லையே. கேளுங்க, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதீங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.