வாசகர் கேள்வி: பன்னுக்குள் நூடுல்ஸ்

கேள்வி: மகன் வீட்டுக்கு மாசசூசெட்ஸ் போயிருந்தபோது ஃபால் ரிவர் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். கருங்கல் மில் கட்டடங்கள், பலதும் ஓட்டம் நின்று போனவை. சீன ஹோட்டலில் மட்டும் நல்ல கூட்டம். பன்னுக்குள் நூடுல்ஸ் வைத்துத் தந்தார்கள்! இப்படிப்பட்ட ஊரில் சீனர்கள் எப்படி வந்து கடை போட்டார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சாப்பிட்டது சௌ மெய்ன் சாண்ட்விச், அம்மா. நான் பக்கத்தில் பிராவிடன்ஸில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். சனிக்கிழமையானால் அதற்காகவே அரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போவேன். ரிப்பன் பக்கோடாவை இன்னும் மெல்லிசாக இழைத்தது மாதிரி பொரித்த நூடுல்ஸ். அதன்மேல் முளைப்பயறு, செலரி, வெங்காயம் போட்ட பழுப்புக் குழம்பு. அடிப் பன் ஊறிக் குழைந்துவிடும், நடுவில் நூடுல்ஸ் மொறுமொறுவென்று நிற்கும். கையில் எடுத்தால் முழங்கை வரை வழியும், முள்கரண்டிதான் சரி. காய்கறி வேண்டாதவர்கள் ‘ஸ்ட்ரெயின்ட்’ என்று கேட்பார்கள், குழம்பை வடித்து ஊற்றுவார்கள்.

ஒருநாள் என் பக்கத்தில் ஒரு போர்ச்சுகீசியப் பாட்டி. தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வீட்டில் மாமிசம் கிடையாது, அன்றைக்கு அம்மா இறைச்சி போடாத சௌ மெய்ன் வாங்கி வருவாள் என்றார். அவர் வாயைத் திறக்குமுன்பே கல்லாவில் இருந்த பெண் அவருடைய பொட்டலத்தைக் கட்டிவிட்டாள்.

சீனர்கள் ஹோட்டல் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் சட்டம். 1882-ல் சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று அமெரிக்கா தடை போட்டது. வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு ஹோட்டல் முதலாளியையும் வியாபாரிக் கணக்கில் சேர்த்தது. உறவுக்காரர்கள் பணம் போட்டுக் கூட்டாகக் கடை திறந்தார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று முறைவைத்து ஆளாளுக்கு மேனேஜர் ஆனார்கள். மேனேஜராக இருக்கிறவர் சீனாவுக்குப் போய்த் திரும்பலாம், பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வரலாம். அதற்காகத்தான் அத்தனை பாடு. 1943-ல் தடையை நீக்கினார்கள், அப்போதும் வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி. இத்தனை பெரிய தேசத்துக்கு 105 பேர்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. 1965-ல் வந்த புதுச் சட்டம்தான் கதவைத் திறந்தது.

பெரிய நகரங்களில் சீனர்கள் கூடி வாழும் பேட்டையான சைனா டவுனில் கடைக்குப் பக்கத்தில் கடை. மில் ஊரில் போட்டி குறைவு. ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குக் குறைந்த காசில் சூடாக, வயிறு நிறைய வேண்டும். 1920-களிலேயே ஃபால் ரிவர் மில்கள் விழத் தொடங்கி, 1931-ல் நகராட்சியின் கணக்கு வழக்கை மாநிலமே கையில் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் மக்களுக்குக் கட்டுப்படியான சாப்பாடாக இருந்தது இதுதான். இதை ‘அசல் சீனச் சாப்பாடு இல்லை’ என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஃபால் ரிவர்க்காரனுக்கு இது அவன் ஊர்ச் சாப்பாடு.

1965 சட்டத்துக்குப் பிறகு வந்தவர்களில் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்காரர்கள் அதிகம். நியூயார்க் சைனா டவுன் வேலை ஏஜென்சிகளின் அறிவிப்புகளில் பல சமயம் ஹோட்டல் இருக்கும் ஊர்ப் பெயர்கூட இருக்காது. எந்த வட்டாரம் என்று காட்டும் போன் ஏரியா கோடு, மாதச் சம்பளம், பஸ்ஸில் எத்தனை மணி நேரம், அவ்வளவுதான். சமையல்காரர் அன்று இரவே பஸ் ஏறுவார். தங்க இடம், சாப்பாடு முதலாளி பொறுப்பு.

கேள்வி: அதை வீட்டில் செய்ய முடியுமா?
– அதே வாசகி

பதில்: முடியும். அந்த ஊர் ஓரியண்டல் சௌ மெய்ன் கம்பெனி பொரித்த நூடுல்ஸும் குழம்புப் பொடியும் சேர்த்து மஞ்சள் பெட்டியில் விற்கிறது. 2009-ல் தீப்பிடித்து ஃபேக்டரி மூடிக்கிடந்த மாதங்களில் ஊரே தவித்தது. மகன் வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவரச் சொல்லுங்கள். குழம்பு கொதிக்கிறபோது பன்னைப் பிளந்து தயாராக வையுங்கள். ஊற்றின கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்.